செய்னம்பு டீச்சரைத் தேடி வந்த வீடு

எங்கள் ஊரில் செய்னம்பு டீச்சருக்கு வீடு இல்லையென்று பதினோரு பேர் சொன்னார்கள், பதினோராவதாகச் சொன்னவள் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி நாலு வருஷம், காமாட்சி நகரில் எங்கள் வீட்டு மாடி ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் ஒருவர் கடற்கரைப் பக்கமிருந்து மாற்றலாகி வருகிறார் என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பியபோது, டீச்சர் என்றால் தாராளமாகத் தரலாமே என்று என் புருஷனின் அப்பா, மாமா பூதலிங்கம் பிள்ளை வாயாரச் சொல்லியிருந்தார். ஆனால் வாசலில் வந்து நின்ற டீச்சர் தலையோடு சேர்த்து வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அவர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, நீயே சொல்லிவிடு என்று எனக்குக் கையைக் காட்டினார்.

"மாடிக்கு ஆள் வந்துட்டாங்க" என்றேன்.

டீச்சர் ஒரு தரம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், சரிம்மா என்றார், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தண்ணீர் குடித்த டம்ளர் அதற்குப் பிறகு எங்கள் அடுக்களைக்குத் திரும்பவில்லை.

மற்ற பத்துப் பேரும் என்ன சொன்னார்கள் என்பதும் பிறகு ஊருக்கே தெரிந்தது. ஒருவர் வெள்ளையடிக்கப் போகிறோம் என்றார், ஒருவர் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றார், மகளே இல்லாத ஒருவரும் அதையே சொன்னார், நாங்கள் சுத்த சைவம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து கோழி கூவியது. பின்னாலேயே புருஷன் வருவான், அவன் பின்னால் இன்னும் மூன்று பொண்டாட்டி வருவார்கள், அப்புறம் தெருவே அவர்கள் தெருவாகிவிடும் என்று ஒருவர் மட்டும் உள்ளதை உள்ளபடி தரகரிடம் சொன்னார். டீச்சர் மூன்று வாரம் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சாமான் அறையில், கண்ணாடிக் குடுவைகளுக்கும் சுருட்டி வைத்த உலக வரைபடங்களுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தார்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, கரண்ட் போய் காமாட்சி நகரத்துப் பெண்களெல்லாம் சிமெண்டுத் தரையில் தலையணை இல்லாமல் படுத்துக் கிடந்த நேரத்தில், கடற்கரையிலிருந்து டீச்சரின் வீடு வந்தது.

சத்தமில்லை, புழுதியில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஆவாரஞ்செடி மண்டிக் கிடந்த காலி மனையில் அது நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். காரைச் சுவரும் நீலக் கதவும், ஆள் எட்டாத உயரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வைத்த சின்னச் சின்ன ஜன்னல்களும், பின்னால் ஒரு கிணறும், சுற்றிலும் நாலடி அகலத்துக்கு அதனோடு சேர்ந்து வந்த வெள்ளைக் கடல்மணலும். எங்கள் ஊர் மண் மழை பெய்தால் காலை விடாத கரிசல். அந்தக் கறுப்பில் அந்த வெள்ளை, கோலமாவு கொட்டினாற்போல இருந்தது. வெகுதூரம் வந்த களைப்பில் சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

முதலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் டீச்சரின் புருஷன் மொகுதூம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணசந்தவர், தோளில் துண்டோடு வாசலில் நின்று கண்ணைக் கசக்கி, இது எந்த ஊர் என்று எங்கள் மாமாவிடம் கேட்டார். மாமா ஊர்ப்பெயரைச் சொன்னார். அப்படியா, செய்னம்புக்கு மாற்றல் போட்ட ஊர் என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று மாமா கேட்டதற்கு, "நான் எங்க கொண்டுவந்தேன்? வீடு அவளோடது. அவ போன எடத்துக்கு அது வந்திருக்கு. நான் உள்ள படுத்திருந்தேன்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கயிற்றுக்கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வர, பஸ்ஸ்டாண்டுக்கு வழி கேட்டுப் போய்விட்டார். ஏனென்றால் கடை வரவில்லை, கடை அவருடையது.

நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, கிணற்றுக் கயிறு வந்திருக்கிறதா என்று பார்த்து, பெயர்ந்திருந்த ஒரு காரைத் துண்டை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் விளக்கேற்றினார்.

காமாட்சி நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு மாமாதான் செயலாளர். வீடு எப்படி வந்தது என்பதைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசவில்லை, யாரைக் கேட்டு வந்தது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். தாலுகா ஆபீசுக்கு மனு போட்டார்கள். சர்வேயர் சங்கிலியோடு வந்து பத்திரத்தைக் கேட்டார். டீச்சர் தகரப்பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தந்தார். அவருக்கு அவருடைய உம்மா கொடுத்தது, உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. எங்கள் கடற்கரை ஊரில் கல்யாணமானால் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வாழ்வார், அவ்வளவுதான் என்று டீச்சர் விளக்கிச் சொன்னார். வேடிக்கை பார்க்க நின்றிருந்த பெண்களில் ஒருத்தி அடுத்தவளைப் பார்த்தாள், அடுத்தவள் தரையைப் பார்த்தாள்.

சர்வேயர் நான்கெல்லையைப் படித்தார். கிழக்கே கடல் என்று போட்டிருந்தது. கிழக்கே பார்த்தார், பஞ்சுமில்லின் சுவர் நின்றது. மேற்கே பள்ளிவாசல் என்று போட்டிருந்தது, மேற்கே எங்கள் வீட்டு முருங்கைமரம் நின்றது. வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மேற்படி பத்திரத்தில் கண்ட வீடு இவ்விடத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கத்துக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. இல்லாத வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லவேண்டியதில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கதவு எண் இல்லை, வரி இல்லை, சங்கத்தின் கணக்கில் அது ஆவாரங்காடு. தபால்காரர் மட்டும் தினமும் அந்த ஆவாரங்காட்டுக்குள் கடிதம் போட்டுவிட்டுப் போனார்.

பெண்களுக்கு அந்த வீட்டின் மேல் பயம் போய் இரக்கம் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஜன்னல்களைப் பாரேன், தெருவைக்கூடப் பார்க்கவிடாமல் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பாவம், மூன்று தரம் ஒரு வார்த்தையைச் சொன்னால் போதுமாம், நடுத்தெருதானாம் என்பார்கள். என் மாமியார் ஆவுடையம்மாள் அத்தை இப்படிப் பேசுகிற இடத்தில் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்து, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றாள்.

நான் மோரைக் கீழே வைத்ததும் முதலில் சொன்னது அந்தப் பொய்யைத்தான். மாடிக்கு ஆள் வரவில்லை டீச்சர், அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்றேன்.

"தெரியும்மா. மாடிக் கொடியில ஒரு துணிகூட இல்லையே" என்றார் டீச்சர். "ஆனா ஒங்கண்ணுல தண்ணி நின்னுச்சு. மத்த பத்துப் பேரும் சிரிச்சாங்க."

அந்த வீட்டுக்குள் இருந்த குளிர்ச்சியை இந்த வயதிலும் என் முதுகு நினைவில் வைத்திருக்கிறது. அந்த உயரமான ஜன்னல்கள் வழியாகக் காற்று மேலிருந்து கீழே இறங்கும், தரையில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும், தெருவிலிருந்து யாரும் நம்மைப் பார்க்கமுடியாது என்பதால் முந்தானையைத் தளர்த்திவிட்டுக் கால் நீட்டி உட்காரலாம். கல்யாணமான நாலு வருஷத்தில் நான் கால் நீட்டி உட்கார்ந்தது அங்கேதான். ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பத்துப் பெண்கள் அந்தத் தரையில் படுத்துக் கிடந்தோம். பதினைந்து நாளுக்கு ஒருதரம் கையில் பையோடு மொகுதூம் காக்கா வருவார், அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார், ஒரு இருமல் இருமித் தான் வந்திருப்பதைத் தெரிவித்துவிட்டு, கடைசிச் செருப்பு போகிறவரை முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பெண்கள் கேட்காத கேள்வியில்லை. உங்களவருக்கு எத்தனை சம்சாரம் என்று கேட்டார்கள். ஒன்றுதான், அதையே சமாளிக்க முடியவில்லை என்கிறார் என்றார் டீச்சர். எங்கள் தெருவில் இரண்டு உள்ளவர் ஒருத்தர் இருந்தார், உங்கள் தெருவில் எத்தனை என்று திருப்பிக் கேட்டார், பெண்கள் மனசுக்குள் எண்ணிப்பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். இந்தத் துப்பட்டியை யார் போடச் சொன்னார்கள் என்று கேட்டார்கள். பழக்கம், பிடித்திருக்கிறது, பிடிக்காத என் தங்கச்சி போடுவதில்லை, அவளோடு எனக்குச் சண்டையும் இல்லை என்றார். உங்கள் சம்பளத்தை அவர் வாங்கிக்கொள்வாரா என்று கேட்டார்கள். மார்க்கப்படி அவர் அதைத் தொடக் கூடாது, நானாகக் கொடுத்தால் உண்டு என்றார். பிடிக்காமல் போனால் நீங்கள் விலகமுடியுமா என்று, யாரும் கேட்கத் துணியாத ஒன்றை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருத்தி கேட்டாள். கேட்கலாம், குலா என்று அதற்குப் பெயரே இருக்கிறது என்றார் டீச்சர்.

"எல்லாம் சரியாத்தான் நடக்குதுன்னு நான் சொல்லலை" என்றார் பிறகு. "என் நாத்தனாருக்கு அந்த உரிமை இருக்கு, கிதாபுல இருக்கு. அதை வாங்க மூணு வருஷமா ஜமாஅத் வாசல்ல நிக்கிறா. பெரியவங்க இன்னைக்கு வா, நாளைக்கு வாங்குறாங்க. கொடுத்தது ஆண்டவன், புடிச்சு வச்சிருக்கறது ஆம்பளைங்க. அது ஒங்க பக்கமும் அப்படித்தான?"

அன்றைக்குத் தரையில் நகர்ந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் கிடந்தோம்.

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குற்றாலத்துப் பக்கமிருந்து தூரத்து உறவு வருகிறது, கேசரி கிளறு என்று மாமா சொன்னார். முந்திரி வறுத்துப் போட்டு நன்றாகவே கிளறினேன். தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது வந்திருந்தவர்களில் ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, இவள்தான் மூத்தவளா என்று கேட்டாள். என் புருஷன் சங்கரலிங்கம் தலையைக் குனிந்து கேசரியைச் சாப்பிட்டார். அப்போதுதான் அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

அடுக்களைக்கு வந்து நின்றேன். அத்தை அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"எதிர்வீட்டுக்குப் போயிரு" என்றாள். "பின்வாசல் வழியாப் போகாத. முன்வாசல் வழியாப் போ. எல்லாரும் பாக்கப் போ."

கேசரித் தட்டுகளுக்கு நடுவே நடந்து, முன்வாசல் இறங்கி, தெருவைக் கடந்து, கரிசலிலிருந்து வெள்ளை மணலில் கால் வைத்தேன். டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிழக்கு அறையைத் திறந்துவிட்டு, சாவியை என் கையில் தந்தார். உன் அறை, உள்ளே நீ என்ன வைத்துக்கொள்கிறாய் என்று நான் வந்து பார்க்கமாட்டேன் என்றார். என் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால், அங்கே இருந்த நாலு வருஷமும் காலையில் ஒரு சின்ன அகல் ஏற்றினேன். பக்கத்து அறையில் அவர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டுகிற சத்தமும் நான் தீக்குச்சி உரசுகிற சத்தமும் அநேகமாக ஒரே நேரத்தில் கேட்கும்.

பிறகு தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சங்கரலிங்கம் குற்றாலத்துப் பெண்ணைக் கோவிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிவந்தார், அவளைச் சட்டப்படி மனைவியாக்க என்னிடமிருந்து விவாகரத்து வேண்டியிருந்தது. மனுவில், மனைவி வீட்டைவிட்டு ஓடி முஸ்லிமாக மதம் மாறிவிட்டாள், ஆகவே விலக்குத் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மதம் மாறியது நிஜமானால் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும், நீயும் அந்த ஆளைவிட்டு விலகத்தானே நினைக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நினைத்தேன்தான். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், டீச்சர் ஒரு பெண்ணை வீட்டுக்குள் இழுத்து அடைத்து மதம் மாற்றினார் என்பது கோர்ட்டு எழுத்தாகிவிடும். ஒரு பொய்யை வாசலில் நின்று சொன்னவள் நான், இரண்டாவதைச் சொல்ல மனசு வரவில்லை. என்னை விலக்கட்டும், ஆனால் அவர் செய்ததற்காக விலக்கட்டும் என்று எதிர்மனு போட்டேன்.

வழக்கு மூன்றரை வருஷம் நடந்தது. நீங்கள் கலிமா சொன்னீர்களா, உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள், என்ன கறி தின்னக் கொடுத்தார்கள் என்று அவர்கள் வக்கீல் என்னைக் கேட்டார். என் பெயர் சண்முகவடிவு, கத்திரிக்காய் தின்றேன் என்றேன். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார், சொன்னேன். உடனே வக்கீல் சர்வேயரின் அறிக்கையை எடுத்து நீட்டினார். அப்படி ஒரு வீடே அங்கே கிடையாது ஐயா, அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது, இல்லாத வீட்டில் இருந்ததாகச் சொல்கிறவள் வேறென்னதான் சொல்லமாட்டாள் என்றார். சாட்சிக்கு வந்த சங்கத்தார் நாலு பேரும், தினம் அந்த நீலக்கதவைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தவர்கள், எதிரே வெறும் ஆவாரங்காடுதான் என்று சத்தியம் செய்தார்கள். மாமாவும் செய்தார். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமுடியாது. ஆறு வருஷமாகச் சங்கக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதி வந்தார்கள், எழுதி எழுதி அவர்களுக்கு அது காடாகவே ஆகிவிட்டிருந்தது.

டீச்சர் பார்வையாளர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வீடு இல்லை என்று நாலு பேர் வரிசையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கைக்குட்டையை மடித்து மடித்து ஒரு சின்னச் சதுரமாக ஆக்கிவிட்டார். அதற்கு மேல் மடிக்க முடியாதபோது பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார். அவர் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

ஐந்தாவது சாட்சியாக அவர்கள் கூப்பிட்டது அத்தையை. மருமகள் சொல்லாமல் ஓடிப்போனாள் என்று ஒரு வரி சொன்னால் போதும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் மாமா சொன்னதற்கு அவள் மறுவார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கூண்டில் ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நீதிபதியை மட்டும் பார்த்தாள்.

"அவ ஓடிப் போகலை. நாந்தான் போகச் சொன்னேன். முன்வாசல் வழியாப் போகச் சொன்னேன்."

எங்கே போகச் சொன்னீர்கள் என்றார் நீதிபதி.

"எதிர்வீட்டுக்கு. இருக்கு சாமி அந்த வீடு. இவுக செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குப் போனா நான் அங்க போயிருவேன். எனக்குன்னு அந்த டீச்சரம்மா ஒரு புதுச்சட்டி வாங்கி வச்சிருக்காக, அதுல வேற எதையும் சமைக்கமாட்டாக. எம்மருமக முருகனுக்கு வெளக்கேத்துறா, நான் கண்ணால பாத்திருக்கேன். ஒருநா எனக்குக் காய்ச்சல், அந்தத் தரையிலதான் படுத்துக் கெடந்தேன். இல்லாத வீட்டுல எப்படிய்யா படுத்துக் கெடப்பேன்?"

நீதிபதி வெகுநேரம் எழுதினார். நேரில் போய்ப் பார்த்துவர ஒரு வக்கீலை அனுப்பினார், அவர் வந்து, நீலக் கதவைத் தட்டி, டீ குடித்துவிட்டுப் போய், வீடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மதம் மாறினேன் என்பது பொய்யென்றும், முதல் மனைவி இருக்க மறுமணம் செய்ததால் எனக்கு விலக்குக் கேட்க உரிமை உண்டு என்றும் அதில் இருந்தது. வெளியே வந்து, வாசலில் விற்ற வெள்ளரிப்பிஞ்சை மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கிக் கடித்தோம். அத்தை அன்றைக்குத் தன் வீட்டுக்குப் போகவில்லை. பதினோரு நாள் எங்களோடு இருந்தாள். மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று பன்னிரண்டாம் நாள் புறப்பட்டுவிட்டாள். நானும் டீச்சரும் அவளைத் தடுக்கவில்லை, தெருவைக் கடக்கும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். மாமா அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வருஷம் மாதிரி நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை என்று பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு மதுரையில் கோர்ட்டிலேயே தட்டச்சர் வேலை கிடைத்துப் போய்விட்டேன். இரண்டு வருஷம் கழித்து டீச்சருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. பெட்டியோடு பஸ் ஏறிய அன்று காலை பதினோரு மணிக்கு வீடும் போய்விட்டதாக அத்தை யாரையோ பிடித்துக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு துண்டுகளை மட்டும் விட்டுவிட்டுப் போனதாம். நான் வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரைக்குப் போய்வந்தேன், டீச்சர் கண்மூடிய வருஷம் வரை. அந்தக் கிழக்கு அறையில்தான் தங்குவேன். வீடு இப்போது, அந்த நாளில் அவர் தங்கச்சியிடம் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளுடையது.

போன வருஷம் அத்தை இறந்ததற்குப் போயிருந்தேன். எனக்குச் சொல்லிவிடவேண்டும் என்று அவளே சொல்லிவைத்திருந்தாளாம். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்த மனையில் ஆவாரஞ்செடி போய்ப் புல் வளர்ந்திருக்கிறது, காமாட்சி நகரத்துப் பெண்கள் அங்கே நடைப்பயிற்சி செய்கிறார்கள். பேசிக்கொண்டே வேகமாக வந்தவர்கள் ஓர் இடத்தில் சட்டென்று திரும்பினார்கள், சுவர் இருந்த இடத்தை ஒட்டியே நடந்தார்கள், மூலையில் மறுபடி திரும்பினார்கள். நடந்து களைத்த ஒருத்தி, கதவு இருந்த இடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் சின்னப் பெண்கள், அந்த வருஷந்தான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க நியாயமில்லை. ஐந்து பேரும் புல்லில் உட்கார்ந்து, முந்தானையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, காலை நீட்டினார்கள்.

நானும் எழுந்து போனேன்.